நாற்பத்தேழரை மணி

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்துவிட்டது. தாதுக் கப்பல்கள் துறையில் கட்டிக் கிடக்கின்றன.
காரை அணைத்தால் விரல் விறைக்கும்,
அணைக்காவிட்டால் பெட்ரோல் தீரும்.
அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்
மளிகைக்கடை வாசலில்,
மடியில் இரண்டு வேலைக் கடிதங்கள்.

ஒன்று மெத்தைக் கடை.
மணிக்குப் பத்தொன்பதரை டாலர்.
வாரம் நாற்பதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு.
சுவரில் ஓர் இயந்திரம்: காலையில் விரல் வைத்தால்
வந்தாள் என்று எழுதும்,
மாலையில் வைத்தால் போனாள் என்று.

மற்றது, வீடு வீடாக ஏறி இறங்கி
உப்பு நீரை மென்னீராக்கும் எந்திரம் விற்பது.
ஆண்டுக்கு ஐம்பத்திரண்டாயிரம்.
பல் வைத்தியம் உண்டு.
பெயர் அச்சடித்த அட்டை உண்டு.
மணி பற்றி ஒரு சொல் இல்லை.

சம்பளம் என்ற சொல்
நாற்காலியில் சாய்ந்து உட்காரும்.
மணிக்கூலி என்ற சொல்
வாசலிலேயே செருப்பைக் கழற்றும்.
இருபத்திரண்டு வருஷம் துறையில் மணிக்கூலி வாங்கிய ரூடிகூட
"சம்பளத்துக்கே போ, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்" என்கிறான்,
ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே.

மளிகை ரசீதைத் திருப்பி வைத்துக் கணக்குப் போட்டேன்.
வாரத்துக்கு ஆயிரம்.
நாற்பது மணி என்றால் இருபத்தைந்து, நல்ல காசு.
ஐம்பது என்றால் இருபது.
அறுபது என்றால், பேனா அங்கே நின்றது.
இரண்டு தட்டும் சமமாகும் இடம்
நாற்பத்தேழரை மணி.
அதற்குமேல் நான் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும்
கர்ட் லிண்டாலுக்கு நான் போடும் மொய்.

அந்த நாற்பத்தேழரையை எப்படிக் கேட்பது?
கடிதத்தின் தலையைப் பார்த்தேன்:
ஞாயிறு, இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.
அப்போதே கூப்பிட்டிருந்தேன், சும்மா, எடுக்கமாட்டான் என்று.
முதல் மணியிலேயே எடுத்தான்.
"இன்னும் வேலையா?"
"எப்பவும்!" என்றான், பதக்கம் காட்டுகிற குரலில்.
பின்னால் ஒரு பிள்ளை, தூக்கம் கலைந்த பிள்ளை,
"அப்பா, யாரு?" என்றது.
செவ்வாய் வரை அவகாசம் கேட்டு வைத்துவிட்டேன்.

மெத்தைக் கடையும் சொர்க்கம் இல்லை.
அங்கே மூன்று குளிர்காலம் நின்ற ஜனெல் சோப்சாக்
ஹாக்கி மைதானத்தில் சொன்னாள்:
"பிப்ரவரியில் ஆள் வராது. இரண்டு மணிக்கே
வீட்டுக்குப் போ என்பார்கள், ஏதோ பரிசு தருகிற மாதிரி."
ஆக, ஒருவன் நேரத்தை எண்ணாமல் எடுப்பான்.
மற்றவன் எண்ணி எண்ணிக் கொடுப்பான்,
கை ஓய்ந்தால் நிறுத்துவான்.

போன சனிக்கிழமை கடையை எட்டிப் பார்த்தேன்.
கிழவர் ஒருவர், பனிச் சேறு ஒட்டிய பூட்ஸோடு
மெத்தை நுனியில் ஒரு தாளை விரித்துப்
படுத்து, கண் மூடி,
நிஜமாகவே தூங்கிப்போனார்.
விற்பனைப் பெண் எழுப்பவில்லை.
கையைக் கட்டி நின்றாள், இருபது நிமிடம்.
விலை சொல்லவில்லை. தவணை சொல்லவில்லை.
அந்த இருபது நிமிடத்துக்கு அவளுக்கு ஆறரை டாலர்.

என் நேரம், என் நேரம் என்று
தலையில் அடித்துக்கொள்கிறோமே,
அதை ஒருவர் விலை போட்டு
எழுத்தில் கொடுத்திருக்கிறார் முதன்முறையாக.
குறைந்த விலைதான். ஆனாலும் என் பெயரில்.

கர்ட்டுக்கு மறுப்பை எழுதி முடித்தபோது
மணி இரவு பத்து.
அனுப்பவில்லை.
காலை எட்டுக்கு மேல் போகட்டும்,
அதையாவது அவன் வேலை நேரத்தில் படிக்கட்டும்.

ரூடியிடம் நாளை சொல்லவேண்டும்.
அடுத்த பிப்ரவரிக்கு இப்போதே நூறு நூறாய் ஒதுக்கவேண்டும்.
மனசு ஒருவழியாக ஒப்புக்கொண்டது.
இடப்பக்கக் கடைவாய்ப் பல்தான்
இன்னும் சம்மதிக்கவில்லை.