இரண்டு வீட்டுக்கு ஒரு நோட்டு

ஓவுலுவில் நவம்பர் பிறந்தால்
மாலை நான்குக்கே ஜன்னல் கறுத்துவிடும்.
ரேடியேட்டர் மேல் ஈரத்துண்டைப் போட்டுவிட்டு
சைமியின் முழங்கை மடிப்பை
விளக்கடியில் திருப்பிப் பார்க்கிறேன்.
சிவப்பு. அதன் நடுவே நேற்றைய நகம்.

நோட்டில் எழுதுகிறேன்:
செவ்வாய். மைனஸ் பதினெட்டு.
கம்பளிக் காலுறை, அரை மணி நேரம்.
தக்காளி சாஸ். சோப்பு பழையதுதான்.
இரவில் நான்கு முறை விழித்தாள்.

புதன்கிழமை இந்த நோட்டு
அவள் பையில் ஏறி
ஆற்றைத் தாண்டி யொன்னாவின் வீட்டுக்குப் போகும்.
ஞாயிறு திரும்பி வரும்,
வேறொரு பேனாவின் நீலத்தோடு.

முதல் குளிர்காலம் முழுக்க
நாங்கள் எழுதியது எக்ஸிமாவைப் பற்றியே அல்ல.
'உன்னிடமிருந்து வந்த அன்றே கன்னம் வெடித்திருந்தது.'
'உன் சலவைத்தூள் தலையணை வரைக்கும் மணக்கிறது.'
'அந்த நாய்!'
நாய் என்பதை நான் மூன்று முறை அடிக்கோடிட்டேன்.
அது அவளுடைய புது நண்பனின் நாய்.
எனக்கு அதன்மேல் வேறு கோபமும் இருந்தது.
அதற்கென்று கட்டம் போடவில்லை நாங்கள்.

யாரையும் கேட்காமல் பாலை நிறுத்தினோம்.
முட்டையை நிறுத்தினோம்.
குழந்தையின் எடை குறைந்தது,
நமைச்சல் குறையவில்லை.
அந்த நல்ல மனிதன் நாயைக் கூட
தங்கை வீட்டுக்கு மூன்று வாரம் அனுப்பிவைத்தான்.
மூன்றாவது வாரம்
அவள் முழங்காலின் பின்புறம் நீர் கசிந்தது.

தோல் மருத்துவர் லெஹ்தொவாரா
நோட்டை முதலிலிருந்து படித்தார்.
நாய் வரும் இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார்.
பிறகு கேட்டார்:
'சின்ன வயதில் உங்களில் யாருக்கு இருந்தது?'

மே மாதம் பிர்ச் மரம் பூத்தால்
தும்மித் தீர்ப்பேன், அவ்வளவுதான் என்றேன்.
யொன்னா கையுறையைக் கழற்றினாள், போட்டாள், கழற்றினாள்.
'நீச்சல்குளத்தில் யாரும் என் கையைப் பிடிக்கமாட்டார்கள்.
பதினான்கு வயதில் போய்விட்டது.
போனதைப் பற்றி எதற்குப் பேசுவது?'
ஒன்பது வருடம் அவளோடு வாழ்ந்தவன்
அன்றுதான் கேட்டேன்.

காரணம் வேறு, கிளப்பிவிடுவது வேறு என்றார் மருத்துவர்.
மக்கு உதிர்ந்த ஜன்னலைப்போல சிலருக்குத் தோல்:
ஈரம் வெளியே நழுவும், தூசி உள்ளே வரும்,
உள்ளே இருக்கும் காவல்காரன்
ஒவ்வொரு தூசிக்கும் ஊரைக் கூட்டுவான்.
காற்றுக்கு ஜன்னலோடு பகை ஏதுமில்லை.
முதலில் மக்கு பூசுங்கள். தினமும். தாராளமாக.
பாலைத் திருப்பிக் கொடுங்கள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.
வாகன நிறுத்தத்தில் கண்ணாடியின் பனியைச் சுரண்டியபடி
இருவரும் பேசாமல் நின்றோம்.
என்னிடமிருந்து கொஞ்சம், அவளிடமிருந்து கொஞ்சம்.
எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்,
இருவருமே தெரிந்து கொடுக்காததை?

அதன்பிறகு நோட்டு மெலிந்தது.
ஹீட்டரின் வறண்ட காற்று.
பனிச்சறுக்கு உடுப்புக்குள் வியர்வை.
சளி பிடித்த வாரம்.
ஒருநாள் நீலத்தில், சின்ன எழுத்தில்:
'வீடு மாறும் நாளில் அதிகம் சொறிகிறாள்.'
அதன் கீழே வெகுநேரம் பேனாவை வைத்திருந்து எழுதினேன்:
'ஆமாம். இங்கேயும்.'

இப்போதெல்லாம் யொன்னா
படிக்கட்டிலேயே குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் போவதில்லை.
பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒரு காபி குடிக்கிறாள்.
அதனால் ஆறிவிட்டது என்று நான் எழுதமாட்டேன்.
ஜனவரியில் கழுத்தில் மறுபடி வந்தது.

களிம்பு விரலால் புரட்டிப் புரட்டி
தாள்களில் எண்ணெய் ஏறிவிட்டது.
விளக்கில் பிடித்தால்
என் கறுப்பும் அவள் நீலமும்
ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிகின்றன.
எதையும் படிக்க முடியவில்லை.

மணி இரண்டே கால்.
நகம் வெட்டியாயிற்று.
தூக்கத்தில் மடிப்பைத் தேடி நகரும் அந்தக் கையை
என் கைக்குள் வைத்திருக்கிறேன்.
அது என்னைச் சொறிகிறது.
சொறியட்டும்.