இலவச டிங்கரிங் முகாம்

தைலம்மை ஏற்காட்டிலிருந்து இறங்கிய ராத்திரி
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
பிரேக் பிடிக்கவில்லை என்றது போலீஸ்.
அந்த பிரேக்கைச் செவ்வாய்க்கிழமைதான் மாற்றியிருந்தேன்.
நான்தான். இந்தக் கையால்.

வியாழன் காலை மாநகராட்சிக் கூட்டத்தில்
அவள் ஒரு பட்டியல் வாசிப்பதாக இருந்தது:
வெள்ளைக்கல் சுரங்கத்தின் கிழக்குக் குழி
எப்போது, யார் யார் பெயருக்கு மாறியது என்று.
கூட்டம் இரங்கல் தெரிவித்துக் கலைந்தது.
துணை மேயர், எதிர்க்கட்சிக்காரர், கமிஷனர்,
மூவரும் அவள் சேசிஸுக்குத் தோள் கொடுத்தார்கள்.
அதுவரை அந்த மூவரையும்
ஒரே போட்டோவில் யாரும் பார்த்ததில்லை.

விபத்தைப் பார்த்தவர்கள் பதினொரு பேர்.
காபித் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன்,
பலாப்பழ லோடு கொண்டுவந்தவன்,
அடிவாரத்துச் செக்போஸ்ட்டில்
தடுப்பைத் தூக்கி இறக்குவது தவிர
வேறொன்றும் தெரியாத அந்த ஒற்றைக் கம்பிக்கை.
"சும்மா சரிபார்க்கத்தான்" என்று
நினைவுத் தகட்டைக் கழற்றி வாங்கி
மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தது ஸ்டேஷன்,
ரசீதோடு, முத்திரையோடு.
பதினொரு பேரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள்.
'பிரேக்' என்றதும் எல்லோரும் ஒருமுறை இருமினார்கள்.
இரும நமக்கெல்லாம் நெஞ்சு ஏது?
அம்மாப்பேட்டை ஜவ்வரிசி ஆலைக்காரன்,
மலையே ஏறாதவன்,
தகடு மாறிப்போய் அவனும் அதையே சொன்னான்,
இருமலோடு.
ஐந்து ரோட்டில் சிரித்தார்கள்.
மெதுவாகத்தான்.

அதன்பிறகு என் தொழில் தலைகீழானது.
நெளிசல் எடுக்கிறவனிடம்
நெளிசல் போடச் சொல்லி வந்தார்கள்.
முதலில் அர்த்தநாரி.
பன்னிரண்டாவதாகப் பார்த்தவன், யாரிடமும் சொல்லாதவன்.
"தகட்டக் கழட்டிக்குவானுங்க.
தகரத்த என்ன பண்ணுவானுங்க?
இடுப்புக்கு மேல ஒரு குத்துப் போடு.
புதன், பத்து நாப்பது, வெள்ள ஜீப்பு."
போட்டேன்.
குழி என்றால் மணி. சாய்ந்த கீறல் என்றால் வண்டி.
முழங்கைக்கு உள்பக்கம் ஆள் பெயர்.
யாரும் சொல்லித்தரவில்லை,
அடிக்க அடிக்க ஓர் எழுத்து வந்துவிட்டது.
செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் நின்றால்
முன்னால் நிற்பவன் முதுகில்
இப்போது ஒரு பத்தி வாசிக்கலாம்.

சித்திரையில் சுவரொட்டி வந்தது.
காவல்துறை உங்கள் நண்பன்.
போஸ் மைதானத்தில் இலவச டிங்கரிங், பெயின்டிங்.
விரும்பிய நிறம். குளிர்ந்த ஆயில் வழங்கப்படும்.
மூன்று நாள் பந்தல் போட்டுக் காத்திருந்தார்கள்.
அந்த மூன்று நாளும்
சேலத்தில் ஒருவர் உடம்பிலும் ஒரு நெளிசல் இல்லை.
பந்தல்காரன் மட்டும் போனான், வாடகை கேட்க.

நான்காம் ராத்திரி
குகையில் என் பட்டறை ஷட்டரை ஒரு காக்கி தட்டியது.
ஏட்டு. எண் 4417.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது.
"எனக்கும் ஒன்னு போடணும்.
அன்னிக்கு ஜீப்ப ஓட்டுனது நானு.
நாளைக்கு என் தகட்டக் கேட்டிருக்காங்க."
திரும்பி முதுகைக் காட்டியது.
கடையில் வாங்கிய அன்றுபோல் வழவழப்பாக,
வாசிக்க ஒன்றும் இல்லாத முதுகு.

சுத்தியல் என் கையில்தான் இருந்தது.
எழுத்தைத் திருட வந்திருக்கலாம்.
யார் அடிக்கிறான் என்று பார்த்துப்போக வந்திருக்கலாம்.
குரல் நடுங்கியது.
நடுங்கவும் பயிற்சி கொடுப்பார்கள்.

"இங்க அந்த வேலையெல்லாம் இல்லீங்க சார்.
பிரேக் மட்டுந்தான் பாக்கறது."

கொஞ்ச நேரம் நின்றது.
"சரி" என்றது.
திருமணிமுத்தாற்றுப் பாலம் தாண்டும்வரை
பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள், மூன்றாம் நாள்,
ஐந்து ரோட்டு சிக்னலில் நின்றிருந்தான் அவன்.
என் வண்டியை நிறுத்தி, நான் ஒன்றும் கேட்காமலே,
"பிரேக்" என்றான்,
இருமினான்,
"பிடிக்கலையாம்" என்றான்.
முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
என் இடது தோளில் நானே அடித்துக்கொண்டேன்.
நாலு, நாலு, ஒன்று, ஏழு.
சாட்சி வரிசையிலா, மற்ற வரிசையிலா,
எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.
பக்கத்தில்
இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.
கை எட்டுகிற தூரத்தில்தான்.