இருபதாம் வளைவு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேல் அறை.
பகலெல்லாம் கீழே பொடிவைத்து ஊதுகிறார்கள்.
இரவில் மேலே நானும் அதையேதான் செய்கிறேன்,
கதைக்கு.

சனிக்கிழமைதோறும் மேசைமேல் ஒரு போர்:
சாக்பீஸில் ஏற்காட்டு மலைப்பாதை,
இருபதாம் வளைவில் மூவர் காவல்,
கீழே பகைவர், இடையில் பனி.
பனிக்குள் ஒன்று.
அது என்னவென்று எனக்கே தெரியாது.

முதல் வாரம் ஏழு பேய்களை அவிழ்த்துவிட்டேன்.
மாதேஷ் ஏழையும் மந்திரத்தில் பொசுக்கிவிட்டு
தட்டுவடை செட்டுக்குக் கூடுதல் காரம் கேட்டான்.

மறுவாரம் பேயே இல்லை.
தோட்டா முப்பத்தொன்று, அரிசி மூன்று படி,
துவைத்த கட்டுத்துணி காய வெயிலில்லை.
பதினொரு மணிக்கு ரஹமத் நிஷா தாளை மடித்தாள்:
"இதுக்கு ரேஷன் கடையிலயே நின்னுருக்கலாம்."

பிறகுதான் விதியை மாற்றினேன்.
மந்திரம் பலிக்கும்.
ஆனால் சொன்னவர் தன் தாளிலிருந்து
நினைவு ஒன்றை ரப்பரால் அழிக்க வேண்டும்.
நிஷாவின் செவிலி ஒரு சிப்பாயின் ரத்தத்தை நிறுத்தினாள்;
தங்கையின் பெயர் போனது.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
விளக்கு தெரிந்தது.
மாதேஷ் அன்று தட்டுவடையைத் தொடவில்லை.

அந்த நேரம் பார்த்து மேசையைக் குத்தினேன்:
டமார், ஷெல்!

"அப்பிடியில்லை" என்றான் நிரோஜன்.
தாரமங்கலம் பக்கத்து முகாமிலிருந்து பஸ் மாறி வருபவன்,
மூன்று வாரமாக டைஸை உருட்டியதோடு சரி.
"முதல்ல நாயள் குலைக்கிறதை நிப்பாட்டும்.
சத்தம் பிறகுதான்."

ஷெல்லை எடுத்துவிடவா என்றேன்.
"அது கிடக்கட்டும்.
பனிக்குள்ள இருக்கிறதை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ."
ஏனென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
அவனே சொன்னான், சாக்பீஸ் தூளை விரலால் ஒதுக்கியபடி:
"பங்கருக்குள்ள எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை.
வந்ததெல்லாம் ஆக்கள்தான்."

வெள்ளைக்கல்லில் இழைத்த டைஸை உருட்டினான்.
அது மேசையைத் தாண்டி
ஒவ்வொரு படியாய் இறங்கி
பட்டறை இருட்டுக்குள் போனது.

செல்போன் வெளிச்சத்தில் நால்வரும் மண்டியிட்டுத் தேடினோம்.
வெள்ளித் தூள். அறுந்த சலங்கை முத்து.
யாரோ விட்டுப்போன டீ டம்ளர்.
நிஷாதான் கண்டாள். எடுக்கவில்லை.
மேல்முகத்தில் என்ன எண் என்று
குனிந்து பார்க்கப் போனேன்.

சாயங்காலத்திலிருந்து தெருமுனையில்
குரைத்துக்கொண்டிருந்த நாய்
நின்றது.