நாம் லாங்கில் மார்ச்

மார்ச்சில் எங்களுக்கு மலைகள் கிடையாது.
சியாங் மாய்ச் சாலை
மூன்றாம் கம்பத்தோடு முடிந்துவிடும்.

காலை ஏழுக்கு மீட்டரைப் பார்த்து
சுகாதார நிலையக் கொடியை மாற்றுவது என் வேலை.
இன்று நூற்று எண்பத்தேழு.
பச்சைக் கொடியில் எலி குட்டி போட்டிருக்கிறது.

நெபுலைசருக்கு முதல் ஆள் புவாலோயின் மகன்.
"யார்தான் கொளுத்துறாங்களோ" என்கிறாள்,
என்னைப் பார்க்காமல்.

மக்காச்சோளத் தட்டையை உழுது புதைக்க
எங்கள் சரிவில் டிராக்டர் ஏறாது.
விதைக்கடன் ஏறும்.

நேற்றிரவு இன்தாவின் சட்டையை அலசினேன்.
மூன்றாம் தண்ணீரும் கறுப்பு.
அவன் எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை,
இருமல் மட்டும்
முறைவைத்துப் பேசியது.

கயிற்றை இழுத்துக் கட்டுகிறேன்.
வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறான் தபால்காரன்:
"இன்னிக்கு என்ன நிறம்?
இங்கிருந்து தெரியல."