முழு நட்டம்

திங்கள் முதல் சனி வரை
நான் வண்டிகளுக்குச் சாவு எழுதுகிறேன்.
கே.ஆர்.புரம் யார்டில், ஹொசகோட்டை ஷெட்டில்
முகம் நசுங்கிய கார்களைச் சுற்றி நடந்து
சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்துப் படமெடுத்து
‘முழு நட்டம்’ என்று கையெழுத்திடுகிறேன்.
இன்சூரன்ஸ் கம்பெனி அதற்குத்தான் காசு தருகிறது.

ஞாயிறு, லிங்கராஜபுரம்.
வாடகைக்குப் பிடித்த தகரக் கொட்டகையில்
நாற்பத்து மூன்றாம் வருடத்து ஜீப் ஒன்று
சக்கரமில்லாமல் செங்கல் மேல் நிற்கிறது.
என் கணக்குப்படி அது
மூன்று முறை செத்திருக்க வேண்டும்.

சிவாஜிநகர் குஜிரியில் ஸபியுல்லா
எடைக்குப் போட இருந்ததை
எடைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கினேன்.
‘வீட்டுக்காரருக்கா மேடம்?’
‘எனக்கு.’
எடைக்கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
பிறகு, கேட்காமலே,
ஒரு பால்பவுடர் டப்பா நிறைய போல்ட்டுகள் இனாம்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எஃப்.
செய்த கம்பெனிக்காரன்
போல்ட்டைக்கூட நம்பி வெளியே விடவில்லை.
எஃப் இல்லாதவற்றைத் தேடிக் கழற்றியதிலேயே
ஒரு மழைக்காலம் போயிற்று.

சுரண்டினால்
மேலே வெள்ளை, ஏதோ தேர்தல்.
அடியில் மஞ்சள். அதில் பாதி அழிந்த கன்னடம்:
சோடா ஃபேக்டரி, தாவணகெரெ.
அதற்கடியில் ஒரு பச்சை.
அதற்கும் அடியில் வேறொரு பச்சை.
எந்தப் பச்சை சரி என்று
புட்டேகவுடாவும் ஃப்ரேஸர் டவுன் ரொசாரியோவும்
பேசிக்கொள்ளாமல் ஆறு மாதம்.
இருவரிடமும் ஜீப் உண்டு.
இரண்டும் ஓடாது.

வலப்பக்கத் தகட்டில்
சுண்டுவிரல் நுழையும் ஓர் ஓட்டை.
தோட்டா, என்றார் கவுடா, குரலைத் தாழ்த்தி.
ஒலிபெருக்கிக் கம்பிக்குப் போட்டது, என்றார் ரொசாரியோ.
துரு, என்றான் ஸபியுல்லா, வெல்டு வைக்க முந்நூறு.

அவர்கள் போனபின் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பதினோரு வருடமாகத்
தகடு எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று பார்த்துத்தான்
யார் யாரை இடித்தார் என்று சொல்லி வருகிறேன்.
டிரில் இப்படிக் குழிக்காது.
உதடு வெளிப்பக்கம் மலர்ந்திருந்தது.

உள்ளேயிருந்து.
பக்கத்து இருக்கைக்காரனின்
கெண்டைக்கால் உயரத்தில்.

எந்தப் பாதை, எந்த ராத்திரி,
துடைத்துக்கொண்டிருந்தானா, தூங்கி விழுந்தானா,
நடுவில் ஒரு கால் இருந்ததா.
படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது:
காரணம், தெரியவில்லை.
கவுடாவிடம் சொல்லவில்லை.
வெல்டும் வைக்கவில்லை.

இந்த வண்டியின் முன்விளக்கைத்
திருகு தளர்த்திப் பின்னால் திருப்பலாம்,
எஞ்சினுக்கே வெளிச்சம் காட்டும்.
கரண்ட் போன ஓரிரவு
அப்படித்தான் கார்புரேட்டர் மாட்டினேன்.
பெட்ரோல் டேங்க் மட்டும்
ஓட்டுபவளின் இருக்கைக்கு நேர் அடியில்;
வரைந்தவன் ஒருநாளும் ஓட்டப்போவதில்லை
என்று தெரிந்தே வரைந்திருக்கிறான்.

முதல் படையெடுப்பு, டின் ஃபேக்டரி வரை.
எந்தெந்த ஆற்றையோ இறங்கிக் கடந்த வண்டி
மெட்ரோ தூண் நிழலில் நாற்பது நிமிடம் நின்றது.
பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாக
இரண்டு இருமல், அவ்வளவுதான்.
கைப்பையிலிருந்து
துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை எடுத்துக்
குழாய் நெடுகக் கவ்வவிட்டேன்.
ஏன் கேட்கிறது என்று தெரியாது. கேட்கிறது.
ஹாரன்கள்.
போலீஸ்காரர் வந்து முதலில் செல்ஃபி எடுத்தார்,
அப்புறம் திட்டினார்.

வலப்பக்கம் ஒட்டி நின்ற டெலிவரிப் பையன்
ஹெல்மெட்டுக்குள் யாரிடமோ
தெலுங்கில் சமாதானம் சொல்லியபடி
சும்மா, கை போன போக்கில்,
அந்த ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுத்
திருகிக்கொண்டிருந்தான்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது.
தகடெல்லாம் நடுங்கியது.

விரலை எடுப்பா, என்றேன்.