மூன்றாவது பெட்டி

ஹெலினா, ஆர்கன்சா. சனிக்கிழமைச் சந்தை.
வெர்லீன் டாக்கெட் சுருட்டுப் பெட்டிகளைத் தட்டிப் பார்க்கிறாள்,
தர்பூசணி வாங்குகிறவளைப் போல.

முதலாவது வெறும் அட்டை;
மரமென்று காகிதம் சத்தியம் செய்கிறது.
அடுத்தது கனம்.
தட்டினால் 'ம்' என்பதோடு சரி.

மூன்றாவது தேவதாரு. மூடி மெல்லிசு.
ஒரு கீல் கழன்று ஆடுகிறது.
உள்ளே யாரோ போட்டு மறந்த டிராக்டர் போல்ட்,
கடைவாய்ப் பல் ஒன்று,
கட்டாத மின்சார பில்.

"கீலை முடுக்கித் தரட்டுமா?"
வேண்டாம் என்று கையமர்த்தி
விரல் முட்டியால் மறுபடி தட்டுகிறாள்:
ஓசை வந்த பிறகு
அதன் வாலாக ஒரு வண்டு.

நான்கு டாலர்.
பல்லையும் பில்லையும் கடைக்காரனிடமே கொடுத்தாள்.
போல்ட் இருக்கட்டும்.
வீட்டில் கிடக்கும் துடைப்பக் கட்டை கழுத்தாகும்;
மூன்று கம்பிக்கும்
இது குதிரை.