க்யூர்பிப்பில் துணி காயாது

ஆடி மாசம் இங்கே குளிர்.
கொடியில் போட்ட பதினோரு லங்கோடும்
மூன்றாம் நாளாக ஈரம்.
ஒவ்வொன்றாய் இஸ்திரிப் பெட்டியில் காய்ச்சுகிறேன்.
பால்வாடையோடு ஆவி கிளம்பிச்
சன்னலை மறைக்கிறது.

ஊசி போட்ட நர்ஸின் சட்டையில்
முத்துக்கருப்பன் என்றிருந்தது,
பிரெஞ்சு எழுத்தில் நீட்டி முழக்கி.
அவசரமாய்த் தமிழில் கேட்டேன்,
ராத்திரி காய்ச்சல் வருமா?
சிரித்தாள்.
கிரியோலில் ஏதோ சொல்லி
இரண்டு விரல் காட்டினாள்.
இரண்டு நாளா, இரண்டு சொட்டா?
பஸ் முழுக்க யோசித்தேன்.

அவர் ஆலையிலிருந்து வர ஏழரை ஆகும்.
அதுவரை இந்தத் தெருவில்
தமிழ் பேச எனக்கிருப்பது
இன்னும் பேச்சு வராத ஒருத்தி.
எல்லாம் அவளிடம்தான் சொல்கிறேன்:
வாடகை, தீர்ந்துபோன கேஸ்,
போனில் அம்மாவிடம் சொன்ன பொய்.
நாலு விரலையும் வாய்க்குள் விட்டபடி
உற்றுக் கேட்கிறாள்.

இன்று
ரொட்டி வண்டி ஹார்ன் அடித்ததும்
வாசல் பக்கம் தலை திருப்பினாள்,
வருகிறவனைத் தெரிந்தவள் மாதிரி.

நான் இன்னும்
உள்ளங்கையில் சில்லறையைப் பரப்பிக்கொண்டு
நிற்கிறேன்.
இந்த ஏழு மூலைக் காசு
ஐந்தா, பத்தா?